கப்பலிலேயே அடுத்த பயணம்: முகவரை விட்டால் கமிஷன் யாருக்குப் போகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் அடுத்த பயணத்தையும் கப்பலிலேயே பதிவு செய்துவிட வேண்டும், ஊருக்குத் திரும்பி முகவரிடம் போனால் அவருடைய கமிஷனையும் சேர்த்து நாம்தான் அழ வேண்டும் என்று போன வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கப்பலில் பதிவு செய்வதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை, பல நேரம் அது நல்லதுதான். ஆனால் அந்தக் கமிஷன் கணக்கு தப்பு. அதை நம்பி நாலு பேர் தங்கள் முகவரைக் கழற்றி விட்டால் அவர்களுக்கு ஒரு காசு மிச்சமாகப் போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பயண அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அதை விட்டு ரொம்ப காலமாகிறது, இன்றைக்கு எந்த முகவரும் எனக்குப் படியளக்கவில்லை. முகவர்களைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லப்போவதும் இல்லை, அவர்கள் லட்சணமும் கீழே வரும்.

சரி, கமிஷன். கப்பல் நிறுவனம் ஓர் அறைக்கு ஒரு விலை வைக்கிறது. பெரும்பாலும் அந்த விலைதான் அதன் இணையத்தளத்திலும் இருக்கும், கப்பலுக்குள் இருக்கும் பதிவு மேசையிலும் இருக்கும், முகவருடைய கணினியிலும் இருக்கும். முகவர் விற்றால் அந்த விலைக்குள்ளிருந்தே நிறுவனம் அவருக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. பொதுவாக 10 விழுக்காட்டில் தொடங்கி, நிறைய விற்கிறவர்களுக்குக் கொஞ்சம் மேலே போகும். அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் கிடையாது. நீங்கள் முகவரே இல்லாமல் பதிவு செய்தால் அந்தப் பங்கு உங்களுக்குத் தள்ளுபடியாக வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. நிறுவனம் அதைத் தன் கல்லாவில் போட்டுக்கொள்ளும், நீங்கள் கட்டுவது அதே தொகைதான். முகவர் இருந்தால் அவர் அந்தப் பங்கில் கொஞ்சம் கிள்ளி உங்களுக்குத் தர வாய்ப்பாவது உண்டு. கப்பலில் செலவு செய்ய ஒரு தொகையாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கப்பல் ஊழியர்களுக்காகத் தினமும் பிடிக்கும் சேவைக் கட்டணத்தைத் தாங்களே கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் தராமல் காலண்டர் மட்டும் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால்தான் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த வாசகருக்குத் தெரியாமல் போனது இன்னொன்று. கப்பலில் பதிவு செய்வதும் முகவரிடம் பதிவு செய்வதும் எதிரும் புதிருமான இரண்டு வழிகள் இல்லை. கப்பலின் மேசையில் உட்கார்ந்து, அங்கே தரும் சலுகையையும் வாங்கிக்கொண்டு, பதிவில் உங்கள் முகவர் பெயரைப் போடச் சொல்லலாம். பெரிய நிறுவனங்கள் எல்லாமே இதற்கு இடம் கொடுக்கின்றன. ராயல் கரீபியனில் நீங்கள் இப்போது போய்க்கொண்டிருக்கும் பயணத்தை ஒரு முகவர் போட்டிருந்தால் அவர் பெயர் ஏற்கெனவே திரையில் இருக்கும், மேசையில் இருப்பவருக்கும் அதில் நஷ்டம் இல்லை. அங்கே சொல்ல மறந்துவிட்டாலும், முழுப் பணம் கட்டாதவரை, பிறகு முகவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கெடு உண்டு, நிறுவனத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 30 நாளோ 60 நாளோ இருக்கும். அந்தக் கெடு தாண்டினால் முடிந்தது கதை, கடைசிவரை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அந்த மேசையைப் பற்றி. பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் நாள் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் பாருங்கள், பினாங்கோ புக்கெட்டோ முடிந்து கப்பல் மரினா பே பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது வரிசை நடைபாதை வரைக்கும் நிற்கும். எல்லாருக்கும் அப்போது மனசு லேசாக இருக்கும், நாளைக்குக் காலையில் மரினா சவுத் பியர் ஸ்டேஷனில் பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்ற கவலையும் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சிரித்த முகம் திரையைத் திருப்பி அடுத்த டிசம்பரைக் காட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, மகன் வீட்டுக் குழந்தைகளுக்கு எந்த வாரம் பள்ளி விடுமுறை என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே கார்டை நீட்டினார். மறுமுனையில் இன்னும் பதிலே வரவில்லை. “இந்தச் சலுகை கப்பலை விட்டு இறங்கும் வரைதான் மேடம்” என்றார் மேசையில் இருந்த பையன். பொய் சொல்லவில்லை, விதி அப்படித்தான்.

அந்தச் சலுகை எவ்வளவு பெறும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். பிரின்சஸ் கப்பலில் எந்தப் பயணம் என்று சொல்லாமலே ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் கட்டி வைத்துக்கொண்டு பின்னால் முடிவு செய்யலாம். நார்வீஜியனில் அதுவே 250 டாலர். டிஸ்னியின் அமெரிக்கக் கப்பல்களில் 250 டாலர் கட்டி இடம் பிடித்துவைத்தால் இரண்டு வருஷத்துக்குள் போகும் பயணத்தில் 10 விழுக்காடு தள்ளுபடி, அது உண்மையிலேயே நல்ல பேரம். ஏழு இரவு, பத்து இரவு, பால்கனி அறை, குடும்பம் முழுக்க என்று போகிறவர்களுக்கு இந்த மாதிரிச் சலுகைகள் கணக்குக்கு வரும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் சிங்கப்பூரிலிருந்து போவது மூன்று இரவு, நாலு இரவுப் பயணம். பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட், திரும்பி வந்தாயிற்று. ராயல் கரீபியன் மாதிரி நிறுவனங்களில் கப்பலில் பதிவு செய்தால் தரும் தொகை எத்தனை இரவு, என்ன அறை என்பதைப் பொறுத்தது, அதுவும் அறைக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று கிடையாது. நாலு இரவு, ஜன்னல் இல்லாத உள்ளறை என்றால் அடிமட்டத் தொகைதான் கிடைக்கும். அதே கப்பலில் சாதாரண அறைக்குச் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர். கணவன் மனைவி இரண்டு பேர், நாலு நாள், 148 டாலர் ஆகிவிட்டது. சலுகைத் தொகை இதற்கே எட்டாது. அப்புறம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பல் நிறுவனங்களே உலகம் முழுக்கத் தள்ளுபடி விடும் காலம், எக்ஸ்போவில் பயண முகவர் சங்கமான நாட்டாஸின் பயணக் கண்காட்சியும் நடக்கும், அங்கே இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை என்று முகவர்கள் கூவிக் கூவி விற்பார்கள். டிசம்பரில் கப்பலில் கார்டைத் தேய்த்தவர் மார்ச்சில் அந்த விலையைப் பார்த்தால் வயிறு எரியும்.

எரிந்தால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் முன்பணத்தின் வகையைப் பார்க்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் முன்பணம், திரும்பக் கிடைக்காத முன்பணம் என்று இரண்டு. திரும்பக் கிடைக்காததற்கு அறை விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும், ஆகவே திரையில் முதலில் வருவது அதுதான், அவசரத்தில் கையெழுத்துப் போடுவதும் அதில்தான். ரத்து செய்தால் முன்பணம் போச்சு. கப்பலையோ தேதியையோ மாற்ற ராயல் கரீபியன் ஆளுக்கு 100 அமெரிக்க டாலர் பிடிக்கும். நாலு பேர் குடும்பம் ஜூன் விடுமுறையிலிருந்து டிசம்பருக்கு மாறினால் 400 டாலர். இதற்கு நீங்கள் கப்பலில் வாங்கிய சலுகைத் தொகை எந்த மூலைக்கு? தேதி உறுதியாகத் தெரியாதவர்கள், தேசிய சேவையில் பிள்ளை இருப்பவர்கள், அலுவலகத்தில் விடுப்பு கடைசி நேரத்தில்தான் கிடைக்கும் என்பவர்கள், கப்பலில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றால் “திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில் போடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மேசை தன் கப்பலை மட்டும்தான் விற்கும். அதில் குற்றம் இல்லை, அது அவர்கள் கடை. ஆனால் வாங்குகிறவர் அதை மறந்துவிடுகிறார். அலாஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் இப்போது அறுபது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அலாஸ்கா ஆசை வந்திருக்கிறது. அங்கே கிளேசியர் பே என்று ஒரு தேசியப் பூங்கா, பனியாறு கடலில் இடிந்து விழுவதைக் கப்பல் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பெரிய உல்லாசக் கப்பல் இரண்டுக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். அந்த அனுமதியில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, நார்வீஜியன் மாதிரி சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ராயல் கரீபியன் அலாஸ்காவுக்குப் போகும், கிளேசியர் பேக்குள் போகாது, வேறு பனியாறுகளைக் காட்டும். அவையும் அழகுதான். ஆனால் ராயல் கரீபியன் மேசையில் “கிளேசியர் பே பார்க்க வேண்டுமானால் பக்கத்து நிறுவனத்துக்குப் போங்கள்” என்று யார் சொல்வார்கள்? நாலைந்து நிறுவனங்களையும் விற்கும் முகவர் சொல்வார், அவருக்கு எங்கே போட்டாலும் கமிஷன்தானே.

அதே அலாஸ்காவில் விசா விஷயம் இருக்கிறது. சியாட்டலில் ஏறி சியாட்டலிலேயே இறங்கும் பயணம் என்றால் அமெரிக்க விசா போதும் என்று இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே நிரந்தரவாசியாக இருக்கும் பலர் நினைக்கிறார்கள். போதாது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி அங்கேயே சுற்றி இறக்கினால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் போய் நிற்கின்றன. ஆக கனடா விசாவும் வேண்டும்.

அலாஸ்கா வரை போக வேண்டாம். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துக் கப்பலில் கூட்டிப்போவது இப்போது நம்மிடம் பெரிய வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய சிங்கப்பூர் விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டும் தந்ததா, பலமுறைக்கா? கப்பல் பினாங்கு போய்த் திரும்பினால் அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறார்கள் என்று கணக்கு. ஒருமுறை விசா என்றால் கப்பலில் ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள், அறைக்குக் கட்டிய பணமும் திரும்பாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்பதும் அப்படித்தான். கப்பல் மேசையில் உங்களிடம் பிறந்த தேதியும் கார்டு எண்ணும் கேட்பார்கள், இதையெல்லாம் கேட்க மாட்டார்கள், ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் பணம் வாங்குவதற்கு முன்னால் விசாப் பக்கத்தின் படத்தை வாங்கிப் பார்ப்பது எழுதாத விதி. முட்டிக்கு வலி இருக்கிற பாட்டிக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறை, பேரப்பிள்ளைகள் அறைக்கு நடுக்கதவு உள்ள அறை என்று பார்த்துப் போடுவதும் அங்கே சாதாரணம்.

இனி முகவர்கள் லட்சணம். ஒரு முகவர் பெயரில் பதிவு போய்விட்டால் அப்புறம் கப்பல் நிறுவனம் உங்களோடு நேரடியாகப் பேசாது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றாலும் “உங்கள் முகவரைக் கேளுங்கள்” என்பார்கள். முகவர் சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். நிறுவனம் பிடிக்கும் ரத்துக் கட்டணத்துக்கு மேல் தனக்கென்று ஒரு நிர்வாகக் கட்டணம் பிடிக்கிற முகவர்கள் உண்டு, அதைப் பதிவு செய்யும்போது சொல்லாமல் ரத்து செய்யும்போது சொல்கிறவர்களும் உண்டு. விலை குறைந்தால் தாங்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், பத்தில் ஒருவர் செய்தால் பெரிது. கப்பல் பயணமே விற்றுப் பழகாத, விமான டிக்கெட்டும் திருப்பதி பேக்கேஜும் மட்டும் போடுகிற கடையில் போய்க் கப்பலைக் கேட்டால், அவர்கள் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அதே இணையத்தளத்தைத் திறந்து படித்துக்காட்டுவார்கள். அதற்கு நீங்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

முகவர் கடையை மூடிவிட்டு ஓடிவிட்டால் என்று கேட்பார்கள், நியாயமான பயம். 2014இல் ஃபைவ் ஸ்டார்ஸ் டூர்ஸ் திடீரென்று மூடியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கப்பல் நிறுவனம் மட்டும் அசையாத மலை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் நொடித்துப்போனது, மார்ச் தொடக்கத்தில் அதன் வேர்ல்ட் டிரீம் கப்பல் சிங்கப்பூரில் ஓட்டத்தை நிறுத்தியது, அடுத்த பயணங்களுக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஜூன் மாதம் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதுப் பெயரில் கெந்திங் டிரீம் ஓடத் தொடங்கியது வேறு கதை. இங்கே விற்கும் பல பயணக் காப்புறுதிகளில் முகவர் நொடித்துப்போனால் இழப்பீடு தரும் பிரிவு இருக்கிறது, உரிமம் பெற்ற முகவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேராகக் கப்பல் நிறுவனத்திடம் கட்டிய பணத்துக்கு அந்தப் பிரிவு பொருந்துமா என்று பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். முகவரின் உரிமத்தைச் சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை. எங்கே கட்டினாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ரொக்கம் கொடுத்தால் தள்ளுபடி என்று சொல்லும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தேதி தள்ளிப்போவதும் நடக்கிறது. டிஸ்னி அட்வெஞ்சர் 2025 டிசம்பர் 15இல் இங்கிருந்து முதல் பயணம் கிளம்பும் என்று விற்றார்கள், அது 2026 மார்ச் 10க்குப் போனது. டிசம்பர் விடுமுறைக்குப் பதிவு செய்து, ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு விமான டிக்கெட்டும் போட்டு வைத்திருந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் மேசையில் போட்ட பதிவாக இருந்தால் நிறுவனத்தின் தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியது நீங்கள். முகவர் இருந்தால் அந்தப் பாட்டை அவர் கேட்பார். அவர் வாங்கும் 10 விழுக்காடு அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் முகவர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் அதே கப்பல், அதே வகை அறை, அதே இரண்டு பேர், சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட், கணினியில் உட்கார்ந்தால் விலை ஏற்ற இறக்கத்தைத் தானே கவனிக்கிற பொறுமை, இதெல்லாம் இருந்தால் கப்பலிலேயே போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். என் அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான், விலை ஐந்து டாலர் இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், அத்தானுக்கு எந்த முகவரும் ஈடாக முடியாது.

போன வாரம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்த ஆண்டுக்குக் கப்பலிலேயே பதிவு செய்துவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், குடும்பத்தில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் மதுரையிலிருந்து வருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதிவு உறுதி செய்து வந்த மின்னஞ்சலை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்: முன்பணம் எந்த வகை, பதிவு செய்த தேதி என்ன. மாற்றும் கெடு இன்னும் தாண்டவில்லை என்றால், கப்பல் பயணம் நிறைய விற்கும் உரிமம் பெற்ற முகவர் இரண்டு மூன்று பேருக்கு அந்தப் பதிவு எண்ணைச் சொல்லி, “இதை உங்கள் பெயருக்கு மாற்றினால் எனக்கு என்ன தருவீர்கள்?” என்று கேளுங்கள். கப்பலில் கிடைத்த சலுகை அப்படியே இருக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரைக்காரர்களின் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று முதலில் கேட்கிற முகவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாசகி ஒருவர்